பழைய கொரோல்லாவோட வட ஆற்காடு சுத்தின ஆறு நாள்

நாள் 1: மேல்விஷாரம், வேலூர், காட்பாடி

காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் காலைல ஆறரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினோம், வெளிய பனி, எதிர்ல இருக்கற வீடே தெரியல. சோக்கை முழுசா இழுத்துட்டு ஒரு செல்ஃப், புடிக்கல, ரெண்டாவது செல்ஃப்ல டக்குனு புடிச்சிக்கிச்சி. பதினாலு மாசமா இந்தச் சத்தத்துக்காகத்தான் சனி ஞாயிறெல்லாம் சென்னைலேர்ந்து பஸ் ஏறி வந்துகிட்டிருந்தேன். பக்கத்துல என் ஃப்ரெண்டு எதுவும் பேசல, சட்டையால கண்ணத் தொடச்சிக்கிட்டான்.

வண்டி 1981 டொயோட்டா கொரோல்லா, கே.ஈ.70. என் ஃப்ரெண்டோட பெரியத்தா, அதாவது பெரியப்பா, சிங்கப்பூர்ல வேல பாத்தவரு, 1985-ல ஊருக்குத் திரும்பறப்ப கப்பல்ல ஏத்தி மெட்ராஸ் ஹார்பர்ல இறக்கி, அங்கேர்ந்து மேல்விஷாரத்துக்கு தானே ஓட்டிக்கிட்டு வந்தாராம். 1999 வரைக்கும் ஓடியிருக்கு. அப்புறம் ஸ்பேர் கிடைக்காம ஷெட்டுல நின்னது நின்னதுதான், மேல தார்ப்பாய், அதுக்கு மேல தென்னை ஓலை. நாங்க தார்ப்பாயை எடுத்தப்ப ஃப்ளோர் ரெண்டு பக்கமும் அரிச்சுப் போய் தரை தெரிஞ்சுது, பேட்டரி வைக்கற தட்டு கைல எடுத்தா பிஸ்கட் மாதிரி ஒடையுது. டிக்கியில எலிக் கூடு, பழைய பேப்பர், கட்டம் போட்ட லுங்கித் துணி ஒண்ணு எண்ணெய்ப் பிசுக்கோட சுருட்டி, ஒரு பத்து சென்ட் சிங்கப்பூர் காசு. காசை மட்டும் எடுத்து வச்சிக்கிட்டு மத்ததெல்லாம் குப்பைக்குப் போட்டோம்.

பெரியத்தா வண்டிய குடுக்கறப்ப ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. "தம்பி, தொடச்சி வச்சி ஃபோட்டோ புடிக்கறதுக்குன்னா வேணாம், இங்கயே கெடக்கட்டும். ஓடறதுன்னா எடுத்துக்கோ." நான் சரின்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கு இந்த வண்டி மேல ஆசை வந்ததே ட்ரிஃப்டாலதான், அதாவது வளைவுல வண்டிய வேணும்னே பக்கவாட்டுல வழுக்க விட்டு ஓட்டறது, அதை அவர்கிட்ட சொல்லல. அது இந்தப் பதினாலு மாசமும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அவரு சொன்ன "ஓடறது"ல பக்கவாட்டுல ஓடறதும் சேருமான்னு.

ஏன் கே.ஈ.70 அப்படின்னா, இது பின் சக்கரத்துல இழுக்கற கொரோல்லா. 1979-ல வந்த நாலாவது தலைமுறை. சஸ்பென்ஷன் முன்னாடி ஸ்ட்ரட், பின்னாடி நாலு லிங்க் போட்ட காயில் ஸ்பிரிங், ரெண்டு பின் சக்கரத்தையும் சேக்கற மாதிரி நடுவுல முழு ஹவுசிங். 1983-ல அடுத்த தலைமுறை வந்தப்ப சாதா கொரோல்லா எல்லாம் முன் சக்கரத்துக்கு மாறிடுச்சு, ஆனா ஸ்போர்ட்ஸ் மாடல் மட்டும் பழைய அமைப்புலயே பின் சக்கரத்தோட நின்னுச்சு, அதுதான் ஏ.ஈ.86, ஜப்பான்காரங்க ஹச்சி-ரொக்குன்னு கூப்பிடறது, எட்டு-ஆறுன்னு அர்த்தம். உலகம் பூரா ட்ரிஃப்ட் பசங்க சாமி மாதிரி கும்பிடற வண்டி அது. அதோட அண்ணன்தான் நம்ம மேல்விஷாரத்து ஷெட்டுல இருந்துச்சு.

எஞ்சின் 4கே, 1290 சி.சி., புஷ்ராடு. அறுபது குதிரைக்குள்ளதான். முழுசா இறக்கி போரிங் பண்ணி, அதாவது பிஸ்டன் ஓடற போர கடஞ்சு பெருசாக்கி, புது பிஸ்டன் ரிங் போட்டிருக்கு, அதனால இந்த ஆறு நாளும் ரன்னிங்-இன், எஞ்சின பழக்கற ஓட்டம். போர் சுவத்துல ஹோனிங் பண்ண குறுக்குக் கோடு இருக்கும்ல, அதுல ரிங் உரசி உக்காரணும், அதுக்கு ஒரே வேகத்துல போகக் கூடாது, ரொம்ப நேரம் ஐட்லிங்ல விடக் கூடாது, முழுசா மிதிக்கவும் கூடாது, ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கிப் போகணும். ஹைவேஸ்ல போனா ஆகாது. ஊர் ஊரா சுத்தினாத்தான் ஆகும். சரி, இந்த வண்டில கை வச்சவங்க எல்லாரையும் அவங்கவங்க ஊர்லயே போய்ப் பாத்துட்டு வரலாம்னு பிளான் போட்டோம்.

இன்னிக்கு அம்பது கிலோமீட்டர்கூட இல்ல. சத்துவாச்சாரில எங்க வீட்டு வாசல்ல அம்மா தேங்கா ஒடச்சி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்க. கோட்டை எதிர்ல டீ குடிக்க நிறுத்தினா ஒரு பெரியவர் சைக்கிள நிறுத்திட்டு "இது இன்னா வண்டி தம்பி, டட்சனா?"ன்னு கேட்டாரு, டொயோட்டான்னு சொன்னதும் பானட்டத் தொட்டுப் பாத்துட்டு "சூடு ஏறலியே, நல்லா கீது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. வேலூர் வெயில்ல கார் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் அதான் மொதல் கவலை. ரேடியேட்டருக்கு புது கோர் போட்ட கடை இங்கதான் இருக்கு, அவருக்கு ஒரு வணக்கம் வச்சிட்டு காட்பாடி பாலம் ஏறி இறங்கி வீடு வந்தாச்சு.

ஒரு விஷயம் மட்டும். நாப்பது தாண்டினா, ரோடு கொஞ்சம் மோசமா இருந்தா, பின்னாடி வலது பக்கத்துலேர்ந்து டிக் டிக்னு ஒரு சத்தம்.

நாள் 2: ராணிப்பேட்டை, வாலாஜா, சோளிங்கர்

லேத்து மாஸ்டர் பட்டறை ராணிப்பேட்டைல. சுத்தி சிப்காட், பெல் கம்பெனிக்கு வேல செய்யற பட்டறைங்க, அந்த ஏரியால லேத்து ஓட்டறவங்க கைக்கு மைக்ரோமீட்டர் ஒட்டிப் பிறந்த மாதிரி. நாங்க எஞ்சின் பிளாக்க கொண்டு போனப்ப நாலு போர்லயும் மேலயும் கீழயும் அளந்து பாத்துட்டு மூணாவது போர்ல ஓவல் ஆயிருக்கு, அரை எம்.எம். எடுத்தாத்தான் சுத்தமாகும்னு சொன்னாரு. ஆனா பிஸ்டன் கைல வராம போரிங் பண்ணவே மாட்டேன்னுட்டாரு, பிஸ்டன ஒவ்வொண்ணா அளந்து அதுக்கேத்த கேப்பு விட்டுத்தான் போர் போடுவேன்னு. அவசரப்பட்டு மொதல்ல போரிங் முடிச்சிட்டு அப்புறம் பிஸ்டன் தேடி அலஞ்சவங்கள எனக்குத் தெரியும், அதனால அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி.

பிஸ்டன் கெடச்சது கொழும்புல. இலங்கைல இந்த கே.ஈ. கொரோல்லாக்கள் இன்னமும் ரோட்டுல ஓடுது, அதனால மருதானை பக்கம் பஞ்சிகாவத்தைன்னு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்களாவே இருக்கற தெருவுல அரை எம்.எம். ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டு சாதாரணமா கெடைக்குது. தெரிஞ்ச ஒரு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், லீவுல வர்றப்ப பெட்டில கொண்டு வந்தாரு. இன்னொரு விஷயம், இந்த கே எஞ்சின் குடும்பத்துல 5கே-ங்கறது டொயோட்டா ஃபோர்க்லிஃப்ட்லயும் வந்துச்சு, அதனால ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேட்டுப் பாக்காம "பார்ட்ஸ் இல்ல"ன்னு யாரும் வண்டிய தூக்கிப் போட்டுடாதீங்க. வாட்டர் பம்ப் எங்களுக்கு அப்படித்தான் கெடச்சது.

அடி வாங்கினது ஹெட் கேஸ்கெட்ல, எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம இருக்க வைக்கறது. ஆன்லைன்ல ஒரு கடைல ஒரிஜினல் டப்பாவுல வந்துச்சு, உள்ள இருந்தது டூப்ளிகேட், முதல் தடவ ஸ்டார்ட் பண்ணி இருவது நிமிஷத்துல தண்ணியும் ஆயிலும் கலந்து மோர் மாதிரி ஆயிருச்சு. மறுபடி ஹெட்ட இறக்கி, மறுபடி ஃபேசிங் பாத்து, ஒரு மாசம் போச்சு. ஜப்பான்ல கம்பெனிக்காரங்களே இறங்கி வந்துட்டாங்க, நிஸ்ஸான் 2017-லேர்ந்து பழைய ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்கு பார்ட்ஸ மறுபடி அடிச்சுக் குடுக்கறாங்க, டொயோட்டா 2021-ல ஏ.ஈ.86-க்கு ஸ்டீயரிங் நக்கிள் ஆர்மும் பின் பிரேக் காலிப்பரும் திரும்ப விட்டாங்க. நம்ம கே.ஈ.70-க்கு அந்த மரியாதை இல்ல, ஏன்னா அது வீட்டுக்கு ரேஷன் அரிசி வாங்கிட்டு வர்ற வண்டி. எனக்கு அதுல வருத்தம்தான், அதே சமயம் அதுனாலதான் லேத்து மாஸ்டர் மாதிரி ஒருத்தரை எனக்குத் தெரிய வந்துச்சு.

டிங்கர் அண்ணன் வாலாஜால. ஃப்ளோர் முழுக்க வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு அடிச்சுப் பொருத்தினவரு. சில்ஸ், வீல் ஆர்ச் எல்லாம் கையாலயே சுத்தியல் வச்சி மடிச்சாரு. அவருகிட்ட எனக்குப் புடிச்சதே, துரு அரிச்ச எடத்து மேல பட்டி போட்டு மூடற வேலைய தொடவே மாட்டாரு. "உள்ள புண்ண வச்சிக்கினு மேல பவுடர் அடிச்சா இன்னா ஆவும்?" அப்படின்னு கேப்பாரு. தகடு சுருங்காம இருக்கணும்னு ஒரு பொட்டு இங்க, ஒரு பொட்டு ரெண்டடி தள்ளி, ஆறவிட்டு அடுத்தது, அப்படி ஒரு பக்க ஃப்ளோருக்கு மூணு நாள் எடுத்துக்கிட்டாரு. இன்னிக்கு வண்டியப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டு உள்ள உக்காந்தாரு.

டிக் டிக் சத்தத்த அவருகிட்ட சொன்னோம். ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து "பின் ஆக்சிலுக்கு குறுக்க ஒரு ராடு கீது பாரு, அது புஷ்ஷு"ன்னாரு. லேத்து மாஸ்டரோ காலைலயே வீல் பேரிங்னு சொல்லியிருந்தாரு. சோளிங்கர்ல என் மாமா பையன், பிரேக் பார்ட்ஸ் பவுண்டரில வேல செய்யறவன், ரோட்டு ஓரத்துலயே படுத்துப் பாத்துட்டு ட்ரம்முதான் அடிக்குதுன்னு சத்தியமே பண்ணான். மலைக்கு ஏறல, கீழேர்ந்தே நரசிம்மருக்கு ஒரு கும்புடு. ட்ரிப் மீட்டர் 180.

நாள் 3: ஆம்பூர்

பிரியாணி பத்தி சொல்லாம விட்டா நீங்க விட மாட்டீங்க, அதனால சுருக்கமா: சீரக சம்பா, கூட கத்திரிக்கா, பதினொன்றரைக்குப் போனதால சூடா கெடச்சுது, போதும்.

ஆம்பூர் வந்தது தோலுக்கு. முதல்ல சீட் முழுக்க லெதர் போடலாம்னு ஃப்ரெண்டுக்கு ஆச, ஊரே லெதர் ஊரு, ஒறவுமுறையில பாதிப் பேரு டேனரி, தோல் பதனிடற தொழில். நான்தான் வேணாம்னேன். இந்த வண்டிக்கு கம்பெனி குடுத்தது ரெக்சினும் துணியும், அதுல லெதர் போட்டா பெரியத்தா ஓட்டின வண்டி இல்ல, வேற எவனோ கல்யாண வண்டி. ரெண்டு வாரம் சண்ட. கடைசில சீட்டுக்கு பழைய டிசைன்லயே குழாய் குழாயா தையல் போட்ட ரெக்சின், ஸ்டீயரிங்குக்கும் கியர் ராடுக்கும் மட்டும் ஆட்டுத் தோல்னு பேசி முடிஞ்சுது.

ஸ்டீயரிங் தைச்சது ஒரு அக்கா. முப்பது வருஷம் ஷூ கம்பெனில அப்பர் தைச்சவங்க, இப்ப வீட்டுலேர்ந்தே வேல. ஷூவுக்கு வர்ற தோலு மெல்லிசு, அத ஸ்டீயரிங் வளையத்துல சுருக்கம் விழாம இழுத்துக் கட்டறதுக்கு தண்ணில நனைச்சு, ஈரமா இருக்கறப்பவே ரெண்டு ஊசில ரெண்டு பக்கமும் குறுக்குத் தையல் போட்டு, காஞ்சதும் அது தானா இறுகிக்கும். இன்னிக்குத்தான் வண்டில பொருத்தினோம். கைல புடிச்சா தையல் உள்ளங்கைக்குத் தெரியக் கூடாதுன்னு முடிச்செல்லாம் உள்பக்கமா வச்சிருக்காங்க. "எவ்ளோ வேகமா திருப்புவீங்களோ தெரியல, நூலு அறாது, அத மட்டும் நான் சொல்றேன்"ன்னாங்க. மெழுகு பூசின நைலான் நூலு.

திரும்பி வர்றப்ப பாலாத்துப் பாலத்துல நிறுத்தினோம். இந்தத் தோலுக்கு இந்த ஆறு குடுத்த வெல எல்லாருக்கும் தெரியும், டேனரிக் கழிவுல தண்ணி கெட்டுப் போச்சு, 1996-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தீர்ப்பு வந்தது இந்த மாவட்டத்துத் தண்ணிக்காகத்தான். மணல்ல நின்னு ஸ்டீயரிங்கப் பாத்தப்ப அது மனசுல ஓடிச்சு. அக்காவோட கையும் நெசம், அந்தத் தண்ணியும் நெசம்.

ட்ரிப் மீட்டர் 290. சத்தம் அப்படியே.

நாள் 4: ஏலகிரி

பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவருங்க வள்ளலுங்க பேரு. இந்த மாதிரி எஞ்சினுக்கு மலை நல்ல பாடம், ரெண்டாவது மூணாவது கியர்ல லோடு குடுத்து ஏறணும், இறங்கறப்ப கியர்லயே புடிச்சு இறங்கணும், ரிங் நல்லா உக்காரும். டெம்பரேச்சர் முள்ளு பாதியத் தாண்டல. ஒன்பதாவது வளைவுல எதிர்ல லாரி வந்து ஓரமா ஒதுங்கி நின்னப்ப கிளட்ச்லேர்ந்து லேசா வாடை வந்துச்சு, அவ்ளோதான்.

மேல ஏரிக்கரைல காலேஜ் பசங்க நாலு பேரு பைக்ல வந்தவங்க, வண்டியப் பாத்ததும் ஓடி வந்துட்டாங்க. கே.ஈ.70-னு நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் சொல்லிட்டான், எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு மணி நேரம் பேச்சு. ட்ரிஃப்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் ஃபோன்ல பாத்த வீடியோதான், அதனால சொன்னேன், இங்கயும் எழுதிடறேன்.

குனிமித்சு தகாஹாஷின்னு ஒருத்தர், முதல்ல பைக் ரேஸ்காரர், 1961-ல மோட்டார்சைக்கிள் கிராண்ட் ப்ரீ ஜெயிச்ச முதல் ஜப்பானியர். அப்புறம் காருக்கு மாறி எழுபதுகள்ல நிஸ்ஸான் ஸ்கைலைன் ஓட்டறப்ப வளைவுக்குள்ள நுழையறப்பவே வண்டிய பக்கவாட்டுல சாய்ச்சுப் போட்டு, அப்படியே வழுக்கிக்கிட்டு வெளிய வருவாரு. ஷோவுக்கு இல்ல, அந்தக் கால டயருக்கு அதுல வேகம் கெடச்சுது. அதப் பாத்து வளந்தவரு கெய்ச்சி சுச்சியா, நாகானோக்காரர், மலைப் பாதைல பழகி, ஏ.ஈ.86-ஐ வச்சி அத ஒரு கலையாவே ஆக்கினாரு, ட்ரிஃப்ட் கிங்னு பேரு வந்தது அவருக்குத்தான். 2000-த்துல ஃபுகுஷிமால எபிசு சர்க்கியூட்ல முதல் முறையா டி1-ங்கற ட்ரிஃப்ட் போட்டி வச்சப்ப யாரு வேகம்னு பாக்கல, எவ்ளோ கோணம், எவ்ளோ ஓட்டம், எந்தக் கோட்டுல போறான்னு மார்க்கு போட்டாங்க. பரதநாட்டியத்துக்கு மார்க்கு போடற மாதிரிதான். அந்த எபிசு ஒரு சஃபாரி பார்க்குக்குப் பக்கத்துல மலை மேல இருக்கு, 2021 பிப்ரவரில நிலநடுக்கம் வந்து மலை சரிஞ்சு ட்ரிஃப்ட் கோர்ஸ் மேல விழுந்துச்சு, திரும்ப சரி பண்ணி ஓட்டறாங்க.

ஒரு பையன் கேட்டான், "அண்ணா, இறங்கறப்ப ஒரே ஒரு வளைவுல மட்டும் பண்ணிக் காட்டுங்கண்ணா." முடியாதுன்னேன். கோவமாத்தான் சொன்னேன். கீழேர்ந்து பொங்கல் லீவுக்கு குழந்தைங்களோட ஃபேமிலி வருது, பஸ் வருது, அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாத வளைவு. ஜப்பான்லயே இப்படி ரோட்டுல ஆடி ஆளுங்க செத்து, போலீஸ் புடிச்சு, வளைவு வளைவா ரோட்டுல மேடு போட்டு வச்சிட்டாங்க. சர்க்கியூட்டுங்க வந்ததே அந்தப் பசங்கள ரோட்டுலேர்ந்து உள்ள இழுக்கறதுக்கு உதவிச்சு. ஆடணும்னா வேலி போட்ட எடம் வேணும். ரெண்டு நாள் கழிச்சு ஆரணி பக்கம் வாங்க, காட்டறேன்னு அட்ரஸ் குடுத்தேன்.

இறங்கறப்ப பதினாலு வளைவும் நிதானமா. டிக் டிக் மட்டும் வலது பக்க வளைவுல அதிகம், இடது பக்க வளைவுல கம்மி. இத ஃப்ரெண்டு ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்கிட்டான். ட்ரிப் மீட்டர் 480.

நாள் 5: அணைக்கட்டு பக்கம், அப்புறம் ஷெட்டு

காலைல ஒடுகத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம், ஐநூறு ஆயிரும்னு கெளம்பினா நடுவுல ஒரு ஊர்ல எருது விடும் விழா. ரோட்ட மூடிட்டாங்க. ரெண்டு பக்கமும் தட்டி கட்டி, ஜனம் மாடி மேல, டிராக்டர் மேல, காளை ஒவ்வொண்ணா அவுத்து விடறாங்க, வாசல்லேர்ந்து கோடு வரைக்கும் எத்தன செகண்டுன்னு கணக்கு. ஒரு மணி நேரம் நின்னு பாத்தோம். காளைய கொண்டு வந்தவரு அதோட காதுகிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருந்தாரு, அவுக்கற வரைக்கும் பேச்சு நிக்கல.

மதியம் ஷெட்டுல ஆயில் மாத்தினோம். 20டபிள்யூ-40 மினரல் ஆயில்தான், புது எஞ்சினுக்கு சிந்தெடிக் போட்டா ரிங் உக்காராதுன்னு லேத்து மாஸ்டர் கண்டிப்பா சொல்லியிருந்தாரு. பழைய ஆயில வெள்ளத் தட்டுல ஊத்தி வெயில்ல பாத்தோம், வெள்ளியாட்டம் நைஸா மினுக்கு இருந்துச்சு, அது சரி, ரிங்கும் போரும் பழகின தூளு. பித்தள நெறத்துல ஏதாவது தெரிஞ்சா பேரிங் போச்சுன்னு அர்த்தம், ஒண்ணும் இல்ல. ஹெட் போல்ட்ட ஆறின எஞ்சின்ல மறுபடி டார்க் அளவு வச்சி இறுக்கினோம். டேப்பட் கேப்பு, அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, இன்லெட் எட்டு தவ், எக்ஸாஸ்ட் பன்னெண்டு தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), சூட்டுல வைக்கணும், அதனால மறுபடி ஓட்டி சூடாக்கி விரல் சுட சுட வச்சோம். இப்ப பங்க்ல வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர அரிச்சிடும், அதுனால பெட்ரோல் ஹோஸ் எல்லாம் முன்னாடியே மாத்தியாச்சு, இருந்தாலும் ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டுப் பாத்தோம், கசிவு இல்ல.

அப்புறம் அந்த சத்தம். பின் ட்ரம் ரெண்டையும் கழட்டினோம், லைனிங் புதுசு, சுத்தம். வீல் பேரிங் ஆட்டிப் பாத்தா ஆட்டம் இல்ல. குறுக்கு ராடு புஷ் புதுசா இறுக்கமா இருக்கு. மூணு பேரு சொன்னதும் தப்பு. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பாத்துட்டு விட்டுட்டோம்.

நாளைக்கு பெரியத்தாவும் வர்றாராம். ஃப்ரெண்டு சொல்லிட்டான். "களத்துல ஓட்டப் போறோம் பெரியத்தா, வழுக்கற மாதிரி"ன்னு சொன்னானாம். "வழுக்கறதா?"ன்னு கேட்டுட்டு அவரு வேற எதுவும் கேக்கலயாம்.

நாள் 6: ஆரணி பக்கம், ஒரு ரைஸ் மில் களம்

ஆரணி சுத்தி ரைஸ் மில்லுங்க எத்தனன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும். அதுல ஃப்ரெண்டோட அக்கா வீட்டுச் சம்பந்திக்குச் சொந்தமான ஒரு மில்லு ஓடாம நின்னு பல வருஷம். நெல்லு காயப் போடற சிமென்ட் களம் மட்டும் அப்படியே, சுத்திலும் காம்பவுண்டு, ஒரே கேட்டு. அவங்ககிட்ட நேர்ல போய் பர்மிஷன் கேட்டு, பக்கத்து வீடுங்ககிட்டயும் சொல்லி, கேட்டுல ஒரு ஆளு நிறுத்தி, பெயின்ட் டப்பா பன்னெண்டு வச்சி எடம் குறிச்சோம். எந்தப் பக்கம் வழுக்கினா வண்டி போகுமோ அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது. போர்வெல் தண்ணிய பைப் போட்டு களம் முழுக்க விட்டோம்.

தண்ணி ஏன்னா, அறுபது குதிரையும் இல்லாத வண்டிக்கு காஞ்ச சிமென்ட்ல பின் டயர வழுக்க வைக்கற சக்தி கெடையாது. பின் சக்கரம் ரெண்டுக்கும் பவர பிரிச்சுக் குடுக்கற டிஃப்ரன்ஷியலும் சாதாதான், ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தற எல்.எஸ்.டி. இல்ல, உள்பக்கச் சக்கரம் மட்டும் தனியா சுத்தி பவர வீணாக்கிடும். பசங்க நெறய பேரு டிஃப்ரன்ஷியல் உள்ள இருக்கற சின்ன பல் சக்கரங்கள வெல்டு வச்சி ரெண்டையும் பூட்டிடுவாங்க. அது டிராக்குக்கு மட்டும்னு வச்ச வண்டிக்கு சரி, நம்ம வண்டி நாளைக்கு பெரியத்தாவ கூட்டிக்கிட்டு ஆற்காடு பஜார்ல திரும்பணும், அதுல வெல்டு வைக்கறத நான் ஒத்துக்க மாட்டேன். அதனால தண்ணி, பின்னாடி தேஞ்ச பழைய டயரு காத்து இறுக்கமா, ஹேண்ட் பிரேக்கு.

ஸ்ரீபெரும்புதூர் டிராக்ல ஆட்டோகிராஸ் ஓட்டற ஒரு நண்பர் கத்துக் குடுக்க வந்தாரு. ரெண்டு மணி நேரம் நான் பண்ணது எல்லாம் பம்பரம் மாதிரி சுத்தினதுதான். ரெண்டாவது கியர்ல இருவத்தஞ்சு முப்பதுல போய் ஸ்டீயரிங்க உள்ள ஒடிச்சு, ஹேண்ட் பிரேக்க ஒரு இழு, பின்னாடி கழண்டதும் கிளட்ச்ச ஒரு ஒதை, ஆக்சிலேட்டர். கழண்டுடுது, ஆனா புடிக்கத் தெரியல, சுத்திப் போய் வந்த திசையப் பாத்து நிக்குது. நண்பர் அப்பதான் சொன்னாரு, "ஸ்டீயரிங்க நீங்க திருப்பாதீங்க. பின்னாடி கழண்டதும் முன் சக்கரம் தானா போற பக்கம் திரும்பப் பாக்கும், கைய தளத்தி விடுங்க, அது ஓடும், நிக்கற எடத்துல புடிங்க. கண்ணு பானட்டப் பாக்கக் கூடாது, போக வேண்டிய டப்பாவப் பாக்கணும்."

அடுத்த தடவ கையத் தளத்தினேன். தோலு உள்ளங்கைல வழுக்கிக்கிட்டு ஓடிச்சு, அக்காவோட தையல் ஒண்ணு ரெண்டு மூணுன்னு விரல்ல தட்டிட்டுப் போகுது, நின்னுச்சு, புடிச்சேன். வண்டி பக்கவாட்டுல போய்க்கிட்டே இருக்கு. எஞ்சின் கத்தல, அழுத்தமா ஒரே சத்தம், தண்ணி வலது ஜன்னல் பக்கம் விசிறி மாதிரி எழும்புது, பக்கக் கண்ணாடில அடுத்த டப்பா தெரியுது, முன் கண்ணாடில இல்ல. நாலு செகண்டு இருக்குமா? அவ்ளோதான். அந்த நாலு செகண்டுல வண்டியோட வெயிட்டு எங்க இருக்குன்னு என் முதுகுக்குத் தெரிஞ்சுது. டிங்கர் அண்ணன் அடிச்ச ஃப்ளோரு, மாஸ்டர் போட்ட போரு, எல்லாம் ஒண்ணா ஒரே உடம்பா நகருது. மதில் மேல உக்காந்திருந்த ஏலகிரிப் பசங்க விசிலடிச்சாங்க.

பெரியத்தா வேப்ப மரத்தடில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து காலைலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தாரு, முகத்துல ஒண்ணும் தெரியல. நான் இறங்கிப் போய் பக்கத்துல நின்னேன். சொல்லிடணும்னு தோணுச்சு. "பெரியத்தா, நான் இதுக்காகத்தான் வண்டிய கேட்டேன். அன்னிக்குச் சொல்லல."

அவரு கொஞ்ச நேரம் களத்தப் பாத்தாரு. "சிங்கப்பூர்ல மழன்னா சும்மா இல்ல. புக்கிட் தீமா ரோட்டுல ஒரு நா ராத்திரி இது இப்படித்தான் பொறத்தால போச்சு. நான் கைய விட்டுட்டேன், அதுவா வந்து நேரா நின்னுக்கிச்சி. பதினஞ்சு வருஷம் நான் வீட்ல சொல்லல" அப்படின்னாரு. அப்புறம் எழுந்து வேட்டிய மடிச்சுக் கட்டி, "நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன், ஓட்டு" அப்படின்னாரு.

பெல்ட்டு போட்டு, ஹெல்மெட்டு மாட்டி, மெதுவாத்தான் போனேன். மூணு தடவ வழுக்கினோம். கைப்பிடிய புடிச்சிக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு வந்தாரு, ஒரு வார்த்த பேசல. மூணாவது தடவ நிறுத்தினப்ப தலையத் திருப்பி பின்னாடி கேட்டாரு, காது குடுத்து.

"டிக் டிக்னு வருதே."

"அதான் பெரியத்தா, ஆறு நாளா தேடறோம். ட்ரம்மு, பேரிங்கு, புஷ்ஷு எல்லாம் பாத்தாச்சு."

"ஜாக்கிப்பா அது. டிக்கில வலது பக்கம் கொக்கில மாட்டியிருக்கும், அந்தக் கொக்கி கொஞ்சம் பெருசு, புது வண்டிலேர்ந்தே ஆடும். நான் ஒரு லுங்கித் துணிய சுருட்டி எடையில சொருகி வச்சிருப்பேனே, எங்க அது?"

நானும் ஃப்ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். குப்பைக்குப் போன துணி. பதினாலு மாசம் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் டப்பா டப்பாவா எழுதி வச்சோம், அத மட்டும் எழுதல.

சொன்னேன். அவரு திட்டல. மில்லு வாட்ச்மேன் வீட்டுல ஒரு பழைய லுங்கி கேட்டு வாங்கி, கிழிச்சி, தானே டிக்கிக்குள்ள குனிஞ்சி ஜாக்கிய கழட்டி, துணியச் சுத்தி, திரும்ப கொக்கில அடிச்சு மாட்டினாரு. அப்புறம் சாவிய கேட்டாரு. கேட்ட தொறந்து விட்டோம், மேல்விஷாரம் வரைக்கும் அவருதான் ஓட்டினாரு, நான் பின் சீட்ல வலது பக்கமா உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தேன். கலவை தாண்டி ரோடு மோசமான எடத்துலகூட சத்தம் இல்ல.